முகம் பொருந்தினால் போதுமா?



திருக்கோவிலூரிலிருந்து ஒரு வாசகர் கடிதம் எழுதியிருந்தார். கடைத்தெருவில் நிறுத்திவிட்டுப் போன அவருடைய பைக் காணாமல் போய்விட்டது. புகார் கொடுத்து, சி.எஸ்.ஆர். ரசீது வாங்கி, நடையாய் நடந்தும் வண்டி கிடைத்தபாடில்லை. “தெருவுக்கு நாலு கேமரா மாட்டியிருக்கிறார்கள். முகத்தை வைத்தே ஆளைப் பிடிக்கிற மிஷின் சென்னையில் வந்துவிட்டதாமே. நம்ம ஊருக்கு மட்டும் ஏன் இல்லை? பத்திரிகைக்காரர்கள் இதையெல்லாம் கேட்க மாட்டீர்களா?” என்று முடித்திருந்தார். பதில் எழுத உட்கார்ந்தேன். அது நீண்டுகொண்டே போனது. சரி, எல்லோரும் படிக்கட்டும் என்று இந்தப் பக்கத்துக்கே கொண்டுவந்துவிட்டேன்.

ஐயா, அந்த மிஷின் சென்னைக்கு மட்டும் வந்ததில்லை. 2021 அக்டோபரில் முதலமைச்சர் ஸ்டாலின் தொடங்கிவைத்த முக அடையாள மென்பொருள் மாநிலம் முழுவதற்கும் பொதுவானது. கொல்கத்தாவில் இருக்கும் சி-டாக் நிறுவனம் செய்து கொடுத்தது. காவல் நிலையங்களையெல்லாம் இணைக்கிற சி.சி.டி.என்.எஸ். கணினிப் பதிவில் குற்றவாளிகள், சந்தேகத்துக்கு உள்ளானவர்கள், காணாமல் போனவர்கள், அடையாளம் தெரியாத சடலங்கள் என்று ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் இருந்தன. புதிதாக ஒரு படத்தைக் கொடுத்தால் அந்தப் படங்களோடு ஒப்பிட்டு, இவராக இருக்கலாம் என்று சொல்லும். அதற்கும் முன்பே, 2017 தீபாவளிக் கூட்டத்தில் தி.நகரில் ‘ஃபேஸ்டேகர்’ என்ற செயலியைச் சென்னை போலீஸ் பயன்படுத்திப் பார்த்தது. ரோந்து போகிற காவலரின் கைபேசியே இதற்குப் போதும். நள்ளிரவில் பேருந்து நிலையத்தில் உட்கார்ந்திருப்பவரை நிறுத்தி ஒரு படம் எடுத்தால் சில நொடிகளில் பதில் வந்துவிடும்.

ஆக, மிஷின் இருக்கிறது. வண்டிதான் கிடைக்கவில்லை. காரணத்தைத் தெரிந்துகொள்ள எனக்குப் பழக்கமான ஒரு ஹார்டுவேர் கடைக்காரரிடம் போனேன். கல்லாப்பெட்டிக்குக் கீழே, பழைய பில் புத்தகங்களுக்கு நடுவில் டி.வி.ஆர். பெட்டி இருந்தது. மேலே ஒரு விரல் கனத்துக்குத் தூசி. திரையைப் போட்டுக் காட்டினார். சுவர்க் கடிகாரத்தில் மணி 2.25, திரையில் 3.10. “மழைக்காலத்துல கரண்ட் போய்ப் போய் வந்துச்சு சார், அப்பலேர்ந்து அப்படித்தான் ஓடுது” என்றார். முந்தின நாள் இரவுப் பதிவை ஓட்டினோம். பாதித் திரையை வெள்ளையாக ஏதோ மறைத்து அசைந்துகொண்டிருந்தது. சிலந்திக் கூடு. கேமராவின் இரவு விளக்குக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும், அது கட்டிய கூடு அந்த வெளிச்சத்தில் பளபளக்கும். மீதிப் பாதியில் ஆட்கள் போனார்கள். கேமரா பத்தடி உயரத்திலிருந்து கீழே பார்ப்பதால் தெரிந்தது உச்சந்தலையும் சட்டைத் தோளும்தான். ஒருவர் தலையில் துண்டு. ஒருவர் ஹெல்மெட். இருபது நாளைக்கு முந்தைய பதிவைக் கேட்டேன். ஹார்ட் டிஸ்க் நிரம்பினால் பழையதன் மேலேயே புதியது எழுதப்பட்டுவிடுமாம். போயே போய்விட்டது.

இதைச் சொல்வது கேமராவால் பிரயோஜனமில்லை என்பதற்காக இல்லை. நிறையவே இருக்கிறது. 2016 ஜூன் 24 காலை நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் இளம்பெண் ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டபோது அந்த நிலையத்தில் ஒரு கேமராகூட இல்லை. பக்கத்துத் தெருவில் இருந்த கேமராக்களில்தான் தப்பிப் போன ஆளின் உருவம் கிடைத்தது. அந்தப் படத்தை வைத்துக்கொண்டு சூளைமேட்டில் வீடு வீடாக, மேன்ஷன் மேன்ஷனாக ஏறி இறங்கி விசாரித்துத்தான் ஆளைப் பிடித்தார்கள். (அவர் அந்தச் செப்டம்பரில் புழல் சிறையிலேயே இறந்துபோனார். நீதிமன்ற விசாரணை நடக்கவே இல்லை. படத்தில் இருந்தது அவர்தானா என்பதை எந்த நீதிமன்றமும் உரசிப் பார்க்கவில்லை.) அந்தக் கொலைக்குப் பிறகுதான் கேமரா வேண்டும் என்ற பேச்சு தமிழ்நாடு முழுக்கக் கிளம்பியது. ஏ.கே.விசுவநாதன் சென்னைக் காவல் ஆணையராக இருந்தபோது ‘மூன்றாவது கண்’ என்று பெயர் வைத்து, வியாபாரிகளையும் குடியிருப்போர் சங்கங்களையும் செலவு போட வைத்து, தெருத்தெருவாக மாட்டினார்கள். 2021 தொடக்கத்தில் வந்த ‘சர்ஃப்ஷார்க்’ நிறுவனத்தின் கணக்கு, சதுர கிலோமீட்டருக்கு 657 கேமராக்களோடு சென்னையை உலகின் முதலிடத்தில் வைத்தது. லண்டனும் பெய்ஜிங்கும் பின்னால்!

கேமராவை வைத்துத் துப்புத் துலக்குவது உண்மையில் எப்படி நடக்கிறது? கடை கடையாகப் போய், ஒரு கேமராவிலிருந்து அடுத்த கேமராவுக்கு, வந்த வழியே பின்னோக்கிப் போகிறார்கள். இந்த வண்டி எந்தப் பக்கமிருந்து வந்தது, மணம்பூண்டி பாலத்தில் தெரிகிறதா, அதற்கு முன்னால் எங்கே நின்றது, நம்பர் பிளேட்டில் கடைசி இரண்டு எண்ணாவது படிக்க முடிகிறதா. ஒரு காவலர் நாள் முழுக்கக் கண் எரிய உட்கார்ந்து பார்க்கும் வேலை இது. முகம் கிடைப்பது அபூர்வம். நடை, செருப்பு, பையின் நிறம், வண்டியின் உடைந்த பின்விளக்கு என்று இப்படித்தான் நூல் பிடித்துப் போகிறார்கள். இந்த வேலைக்கு நான் ஒரு கும்பிடு போடுவேன். பைக் விஷயத்தில் நடக்காமல் போனதும் இதே வேலைதான். அதைச் செய்ய ஆளும் நேரமும் வேண்டும். முகம் பார்க்கும் மிஷின் வந்து அந்தக் குறையைத் தீர்த்துவிடாது.

அந்த மிஷின் முகத்தை நாம் பார்ப்பதுபோலப் பார்ப்பதில்லை. கண்ணுக்கும் கண்ணுக்கும் உள்ள இடைவெளி, மூக்கின் வாட்டம், தாடையின் வளைவு என்று எல்லாவற்றையும் ஒரு நீளமான எண் வரிசையாக்கிக்கொள்கிறது. காவல்துறைக் கணினிப் பதிவு என்ற படப்பெட்டியில் உள்ள ஒவ்வொரு படத்துக்கும் அதேபோல ஒரு வரிசை. இரண்டும் எவ்வளவு நெருங்குகின்றன என்று ஒரு மதிப்பெண் போடுகிறது. எத்தனை மதிப்பெண்ணுக்கு மேல் போனால் ‘இவர்தான்’ என்று எடுத்துக்கொள்வது? அதை மனிதர்கள்தான் முடிவு செய்கிறார்கள். டெல்லி போலீஸ் 80 சதவீதம் பொருந்தினால் சரியான பொருத்தமாகக் கொள்கிறது என்று 2022இல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பதில் வந்தது. 2020 டெல்லிக் கலவரத்துக்குப் பிறகு இப்படிப்பட்ட மென்பொருளால் 1,100 பேரை அடையாளம் கண்டதாக உள்துறை அமைச்சர் அமித் ஷா மக்களவையில் சொன்னார். அந்த எண்ணிக்கையில் சரியானவர்கள் எத்தனை பேர், வெறுமனே சாயல் ஒத்தவர்கள் எத்தனை பேர்?

நம்ம மாவட்டக் கணக்கிலேயே பார்ப்போம். கூவாகம் கூத்தாண்டவர் திருவிழாவுக்கு ஒரு லட்சம் பேர் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். போலீஸ் தேடும் ஆட்கள் அதில் பத்துப் பேர். ஆயிரத்துக்கு ஒரு தடவைதான் மிஷின் தப்பு செய்யும் என்றே நம்புவோம். ரொம்ப நல்ல மிஷின். பத்துப் பேரையும் அது பிடித்துக்கொடுத்துவிட்டது என்றும் வைத்துக்கொள்வோம். கூடவே, ஒரு பாவமும் அறியாத நூறு பேரையும் காட்டிக் கொடுத்திருக்கும். நிறுத்தப்பட்ட நூற்றுப் பத்துப் பேரில் நூறு பேர் சும்மா சாமி பார்க்க வந்தவர்கள். அமெரிக்க அரசின் தர நிர்ணய அமைப்பு 2019 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வில், பல மென்பொருள்கள் ஆசிய, ஆப்பிரிக்க முகங்களில் வெள்ளையர் முகத்தைவிடப் பத்திலிருந்து நூறு மடங்குவரை அதிகமாகத் தவறான பொருத்தம் காட்டின. அங்கே டெட்ராய்ட் நகரப் போலீஸார் 2020 ஜனவரியில் ராபர்ட் வில்லியம்ஸ் என்ற கறுப்பினத்தவரை அவர் வீட்டு வாசலில், மனைவி மக்கள் கண் முன்னால் விலங்கு மாட்டிக் கூட்டிப் போனார்கள். கடைத் திருட்டு. மங்கலான கேமராப் படம். மிஷின் கை காட்டியது. விசாரணை அதிகாரி அதற்கு மேல் யோசிக்கவில்லை. 2024இல் நகர நிர்வாகம் 3 லட்சம் டாலர் இழப்பீடு கொடுத்தது. முகப் பொருத்தத்தை மட்டும் வைத்து யாரையும் கைது செய்யக்கூடாது என்ற விதியையும் ஏற்றுக்கொண்டது.

அவருக்காவது உயிர் மிஞ்சியது. 2023இல் தெலங்கானாவின் மேடக் நகரில் ஒரு கூலித் தொழிலாளி, சங்கிலிப் பறிப்பு வழக்கில் கேமராவில் பதிவான ஆளின் சாயல் இருக்கிறது என்று காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்டார். நாலைந்து நாள் கழித்து வெளியே விட்டார்கள். நிலையத்தில் கடுமையாக அடித்ததாக அவரே ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்து சொன்னார். பிப்ரவரி நடுவில் இறந்துபோனார். அங்கே ‘பொருந்துகிறது’ என்று முடிவுசெய்தது மென்பொருளோ மனிதக் கண்ணோ, எதுவாகவும் இருக்கட்டும். ஆனால் ‘கேமராவில் இருக்கிறது’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு அந்த மனிதர் தரப்பில் கேட்க ஆள் கிடையாது. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

பயம் இந்த மண்ணில் சிலருக்குக் கூடுதலாகவே உண்டு. 2011 நவம்பரில், நம் திருக்கோவிலூர் அருகே மண்டபம் கிராமத்து இருளர் குடியிருப்புக்கு, திருட்டு வழக்கு விசாரணை என்று போலீஸ் வந்தது. ஆண்களைச் சந்தேகத்தின் பேரில் பிடித்தார்கள். அழைத்துச் செல்லப்பட்ட பெண்களில் நால்வர் தங்களைப் போலீஸ்காரர்களே சீரழித்துவிட்டதாகப் புகார் கொடுத்தார்கள். திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணியின் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் கையில் எடுத்த பிறகுதான் விஷயம் சென்னைக்குக் கேட்டது. அப்போதைய அரசு தலா 5 லட்சம் ரூபாய் இழப்பீடு அறிவித்தது. எங்கே திருட்டு நடந்தாலும் முதலில் இருளர் வீட்டுக் கதவையும் குறவர் வீட்டுக் கதவையும் தட்டுவது எவ்வளவு பழைய வழக்கம் என்று ‘ஜெய் பீம்’ பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளைக்காரன் காலத்தில் இதற்குச் சட்டமே இருந்தது. 1871இல் வட இந்தியாவில் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கு வந்தது. சாதிசாதியாகப் பெயரெழுதி, பத்து விரலையும் பதிய வைத்ததால் ஜனங்கள் அதற்குக் ‘கைரேகைச் சட்டம்’ என்றே பெயர் வைத்தார்கள். ரேகை வைக்க மாட்டோம் என்று நின்ற பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. சட்டத்தை 1947இல் சென்னை மாகாணம் ஒழித்துவிட்டது. பழக்கம் ஒழிந்ததா?

இப்போது அந்தப் படப்பெட்டியை நினைத்துப் பாருங்கள். அதற்குள் யாருடைய படங்கள் இருக்கும்? காணாமல் போனவர்களும் சடலங்களும் போக, இதுவரை யாரையெல்லாம் பிடித்தார்களோ அவர்கள் படங்கள். சந்தேகக் கேசில் பிடித்து, கேஸ் நிற்காமல் விடுவிக்கப்பட்டவரும் உள்ளே இருப்பார். முதல் தடவை திருடுகிறவன், பெரிய இடத்துப் பிள்ளை, இவர்கள் படம் அங்கே இருக்காது. மங்கலான ஒரு முகத்தைக் கொடுத்து ‘யார்?’ என்று கேட்டால், உள்ளே இருப்பவர்களில் சாயல் கிட்டே வருகிறவரைத்தானே மிஷின் நீட்டும்? மனுஷன் வைத்திருந்த பழைய சந்தேகத்தைக் கம்ப்யூட்டர் கையெழுத்துப் போட்டுத் திருப்பித் தரும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 2024 மே மாதம் தமிழ்நாடு காவல்துறையின் இந்த முக அடையாளத் தளத்துக்குள்ளேயே வெளியாட்கள் புகுந்துவிட்டார்கள். நிர்வாகக் கணக்கு ஒன்றின் பாஸ்வேர்டு பறிபோனதுதான் காரணம் என்று காவல்துறை விளக்கம் கொடுத்தது. திருடனைப் பிடிக்கிற பெட்டியிலேயே திருட்டு.

நம் மாவட்டத்தில் படத்தை வைத்து ஆட்களைத் தேடிய பெரிய வேட்டை 2022இல் நடந்தது. கனியாமூர் தனியார் பள்ளி மாணவியின் மரணத்தை ஒட்டி ஜூலை 17 அன்று வெடித்த கலவரம். பள்ளிப் பேருந்துகள் எரிந்தன, வகுப்பறைகள் சூறையாடப்பட்டன. கேமராப் பதிவுகளையும், கலவரத்துக்குப் போனவர்களே கைபேசியில் எடுத்துப் பெருமையாகச் சுற்றவிட்ட வீடியோக்களையும் வைத்து முன்னூறு பேருக்கு மேல் கைது செய்தார்கள். எரித்தவனும் மாட்டினான், வேடிக்கை பார்த்தவனையும் சேர்த்துப் பிடித்துவிட்டார்கள் என்று பல குடும்பங்கள் அழுதன. கூட்டத்தில் முகம் தெரிவது வேறு, கையில் கல் இருப்பது வேறு. இதன் நடுவே ஒன்று நடந்தது, உங்களில் சிலர் நேரில் பார்த்திருப்பீர்கள். தூக்கிப் போன பெஞ்சு, நாற்காலி, மின்விசிறிகளைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்று சுற்றுவட்டார ஊர்களில் தண்டோரா போட்டார்கள். ராத்திரியோடு ராத்திரியாகச் சாலையோரத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள் ஜனங்கள்! அதற்கு எந்த மென்பொருளும் தேவைப்படவில்லை.

தோற்றத்தை வைத்து ஆளை எடைபோட்டால் என்ன ஆகும் என்பதற்கு, திருக்கோவிலூர்க்காரர்களுக்கு மெய்ப்பொருள் நாயனார் கதையை நான் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. திருநீறும் சடைமுடியும் சுவடிக் கட்டுமாகப் பகைவன் முத்தநாதன் வந்தான். வாசல் வாசலாகக் காவல் இருந்தும் வேடத்தை நம்பி உள்ளே விட்டார்கள். சுவடிக்குள் கத்தி. வழக்கமாக இந்தக் கதையில் நாயனாரின் பக்தியைப் பேசுவோம். எனக்குப் பிடித்தவன் காவலன் தத்தன். குத்துப்பட்ட அரசரான நாயனார் சொன்ன ஒரு சொல்லுக்காக, கொலைகாரனைக் கண்ணால் கண்ட பிறகும், ஆத்திரத்தோடு சூழ்ந்த ஊர் ஜனத்தை விலக்கிவிட்டு, அவனை எல்லைவரை பத்திரமாகக் கொண்டுபோய் விட்டுவந்தான். இன்றைக்கு அப்படி ஒரு காவல் யாருக்குக் கிடைக்கும்? 2018 மே மாதம், இங்கிருந்து அதிக தூரமில்லை, போளூர் அருகே அத்திமூர் பக்கம், குலதெய்வக் கோயிலுக்கு வந்த 65 வயது அம்மா ஒருவர் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிறவர்கள் சுற்றுகிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் வீடியோக்கள் ஓடிக்கொண்டிருந்த நேரம். பிள்ளை பிடிக்க வந்தவர் என்று நினைத்து ஊரார் அவரை அடித்தே கொன்றுவிட்டார்கள். கேமராவில் விழுந்த ஒரு முகத்தை வட்டம் போட்டு ‘இவனைக் கண்டால் பகிரவும்’ என்று குரூப்பில் போடுகிறவர்கள் போளூரை நினைத்துக்கொள்ள வேண்டும்.

இப்படிப்பட்ட பொருத்தத்தை நீதிமன்றம் எப்படிப் பார்க்க வேண்டும் என்பதற்கு ஒரு பழைய வழக்கு இருக்கிறது. உலகின் முதல் கைரேகைப் பிரிவுகளில் ஒன்று 1897இல் கல்கத்தாவில் தொடங்கியது. ரேகைகளை வகை பிரிக்கும் முறையை உருவாக்க உழைத்த அஜிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் இருவரும் நம் நாட்டுக் காவல் அதிகாரிகள். பெயர் என்னவோ மேலதிகாரி ஹென்றிக்குப் போனது. அந்தக் காலத்திலேயே ஜல்பைகுரியில் தேயிலைத் தோட்ட மேலாளர் ஒருவர் கழுத்தறுபட்டுக் கிடந்தார். பெட்டிக்குள் இருந்த வங்காளப் பஞ்சாங்கத்தில் காய்ந்த ரத்தத்தில் ஒரு விரல் தடம். அது பழைய வேலைக்காரனின் வலது கட்டைவிரல் என்று நிரூபணமானது. நீதிமன்றம் என்ன செய்தது? பெட்டியில் கை வைத்தான், ஆகவே திருட்டுக்குத் தண்டனை. கொன்றதை ரேகை சொல்லவில்லை, ஆகவே கொலைக் குற்றத்திலிருந்து விடுதலை. நூற்றி இருபத்தைந்து வருஷத்துக்கும் முந்தைய அந்த நிதானம் இன்று எல்லா நீதிமன்றத்துக்கும் வேண்டும்.

கேமரா வெளியே மட்டும் பார்த்தால் போதாது என்பதையும் சாத்தான்குளம் காட்டியது. 2020 ஜூனில் தந்தையும் மகனும் காவலில் சித்திரவதைக்குப் பின் இறந்தபோது, கடைத்தெருக் கேமராப் பதிவுகள்தான் போலீஸ் எழுதிய கதைக்கு நேர்மாறாக நின்றன. காவல் நிலையத்துக் கேமராவோ, ஹார்ட் டிஸ்கில் தாராளமாக இடம் இருந்தும் தினமும் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்ததை விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட் அறிக்கையில் எழுதினார். அந்த டிசம்பரிலேயே உச்ச நீதிமன்றம் எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வேண்டும், பதிவைப் பதினெட்டு மாதம் வைத்திருக்க வேண்டும், முடியாவிட்டால் குறைந்தது ஒரு வருஷமாவது என்று உத்தரவிட்டது.

என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். தெருக்கேமரா இருக்கட்டும். கேமராவை வைத்து விசாரிக்கட்டும். முகப் பொருத்தம் ஒரு துப்பு. அதை மட்டும் வைத்து ஒருவரைக் கைது செய்யக்கூடாது, காவல் நிலையத்துக்கு இழுத்துப் போகவும் கூடாது. அந்த மிஷினுக்கென்று தனிச் சட்டம் இன்றுவரை நாட்டில் கிடையாது. தனிநபர் தகவல் பாதுகாப்புக்கு 2023இல் வந்த சட்டமும் குற்றப் புலனாய்வுக்கு விலக்குக் கொடுத்துவிட்டது. சட்டமில்லாமல் இந்தப் பெட்டியில் இன்னொரு படம்கூடச் சேர்க்கக்கூடாது என்பது என் கட்சி.

இப்போது வாசகர்களுக்கு நேரடியாகச் சில விஷயங்கள். ஆதாருக்குக் கொடுத்த ரேகையும் கண் பதிவும் போலீஸ் கையில் இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். இல்லை. சாதாரண வழக்கு விசாரணைக்கு அதைக் கேட்டு வாங்க முடியாது. 2016 ஆதார் சட்டம் தடுக்கிறது. போலீஸ் எடுக்கிற அளவுகள் 2022இல் வந்த குற்றவியல் நடைமுறை (அடையாளம் காணல்) சட்டத்தின் கீழ் வருகின்றன. விரல், உள்ளங்கை, பாதத் தடம், படம், கருவிழி எல்லாம் எடுக்கலாம், 75 வருஷம் வைத்திருக்கலாம்.

கேமரா வைத்திருக்கும் கடைக்காரர்களே, இன்றைக்கே திரையில் உள்ள நேரத்தைச் சரி செய்யுங்கள், கண்ணாடியைத் துடையுங்கள். தவறான நேரம் ஒரு நிரபராதியை உள்ளே வைக்கும், ஒரு குற்றவாளியை வெளியே விடும். பதிவைப் போலீஸ் கேட்டால் எழுத்தில் ஒப்புகை வாங்கிக்கொண்டு கொடுங்கள். நீதிமன்றத்தில் அது சாட்சியாக நிற்க 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி சான்று வேண்டும், அதில் உங்கள் கையெழுத்தும் தேவைப்படும், பயப்பட ஒன்றுமில்லை. வாட்ஸ்அப் குரூப்பில் மட்டும் போடாதீர்கள்.

மேல்முறையீடெல்லாம் முடிந்து வழக்கிலிருந்து விடுதலையானவர்களே, முன்பு தண்டனை ஏதும் இல்லாதவராக இருந்தால், உங்கள் படத்தையும் ரேகையையும் அழிக்க வேண்டும் என்று அந்த 2022 சட்டமே சொல்கிறது, நீதிமன்றமோ மாஜிஸ்திரேட்டோ வேறு உத்தரவு போட்டிருந்தால் ஒழிய. ஆனால் அது தானாக நடக்காது. மாநில அரசு நியமிக்கும் தொடர்பு அதிகாரிக்கு நீங்கள்தான் மனுப் போட வேண்டும். தீர்ப்பு நகலை இணையுங்கள், பதிவுத் தபாலில் அனுப்புங்கள், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். கல்வராயன் மலையிலும் இருளர் குடியிருப்புகளிலும் வேலை செய்கிற ஆசிரியர்கள், வழக்கறிஞர்கள் இதை எடுத்துச் சொல்ல வேண்டும். எப்படி எழுதுவது என்று தெரியாதவர்கள் எங்களுக்கு ஒரு கார்டு போடுங்கள். மாதிரி மனு ஒன்றை அடுத்த இதழில் அச்சிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்